முதன்மைக் கொம்பையா

மாவட்டங்களுக்கும் பஸ்களுக்கும் தலைவர்கள் பெயரை வைத்து, எங்கள் தலைவர் பெயர் போட்ட பஸ்ஸில் நாங்கள் ஏறுவோம், உங்கள் தலைவர் பெயர் போட்டதில் கல்லெறிவோம் என்று ஆகி, கடைசியில் எல்லாப் பெயர்களையும் ஒரேயடியாக அழித்துவிட்ட வருஷம் அது. திருநெல்வேலி சந்திப்பில் பஸ்களின் நெற்றியில் பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயின்ட் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது. பெயர் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. பஸ் எப்போதும் போலத் தாமதமாகத்தான் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள், பெயர் சூட்டு விழாக்களை நடத்திக்கொண்டிருந்த அதிகாரிகள் சிலர் மட்டும்தான்.

அவர்களுக்கு நாற்காலி இருந்தது, மின்விசிறி இருந்தது, ஜீப் இருந்தது, வேலைதான் இல்லை. இப்படி ஒரு நிலைமை ஒரு அதிகாரிக்கு வந்தால் அவர் சும்மா இருந்துவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு அதிகாரிகளைத் தெரியாது. உட்கார்ந்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நாட்டிலுள்ள குழப்பத்துக்கெல்லாம் காரணம் பெயர் அல்ல, ஒரே பெயர் பலருக்கு இருப்பதுதான் என்பது அந்தக் கண்டுபிடிப்பு. அதிலிருந்து பிறந்தது பெயர் மயக்க நீக்க ஆணையம். அதன் தென்மண்டல அலுவலகம் பாளையங்கோட்டையில், முருங்கை மரம் நிற்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் பேசியவர்களில் மூன்று பேருக்கு ஒரே பெயர் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சேரன்மகாதேவியை ஒட்டிய ஒரு கால்வாய்க்கரை ஊரில் இருந்த கொம்பையாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவர் கல்யாணச் சமையல்காரர். அந்த ஊரில் கல்லை எறிந்தால் ஒரு கொம்பையா மேலேதான் விழும். எல்லைச் சாமி பெயர் கொம்பையா. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால், ஒரு கொம்பையாவுக்கு நாலு பையன்கள் பிறந்தால் அடுத்த தலைமுறையில் நாலு வீட்டிலும் மூத்தவன் கொம்பையா. இதனால் ஊருக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை. மில் வைத்திருப்பவர் மில்லுக் கொம்பையா. தபால் கொண்டுவருபவர் தபால் கொம்பையா. பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறேன் என்று ரயிலேறி மதுரையிலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டவர், சாகிற வரைக்கும் பம்பாய்க் கொம்பையா. நம்முடைய ஆள், மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதிக் குழம்பினால் சொதிக் கொம்பையா. தேங்காய்ப் பாலைத் திரியவிடாமல் அண்டாவோடு இறக்கி எலுமிச்சை பிழிகிற பக்குவம் அவர் கைக்குத்தான் உண்டு என்று அம்பாசமுத்திரம் வரைக்கும் பேச்சு. தாத்தா பெயரைத் தாங்கியிருப்பதிலும், அந்தப் பெயருக்கு முன்னால் சொதி சேர்ந்திருப்பதிலும் அவருக்கு வெளியில் சொல்லாத பெருமை.

அவருக்கு ஒரே மகள் வேணி. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். வயது ஏறிக்கொண்டே போனது. பெண் கேட்டு வந்தவர்கள் வேலை வந்ததும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி இருக்கையில், கொற்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. கொம்பையா அன்றைக்கு அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார். சேதி கேட்டதும் தம் கைக்காசில் சர்க்கரை வாங்கிப் பந்திக்கு ஒரு பாயசம் கூடுதலாக வைத்துவிட்டார். உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்ததை வேணிதான் பார்த்தாள். வேலையில் சேருபவர் தம் தலைப்பெழுத்துக்குரிய தகப்பனார் இன்னார்தான் என்பதற்குப் பெயர் மயக்க நீக்க ஆணையத்தின் தெளிவுச் சான்று கொண்டுவர வேண்டும். மாத முடிவுக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

"கொ. வேணின்னு இருக்குல்லாப்பா. அந்தக் கொம்பையா நீங்கதான்னு ஆபீசுல எழுதிக் குடுக்கணுமாம்" என்றாள்.

"இதென்ன பெரிய காரியம். நாந்தானேட்டி கொம்பையா. போனா குடுத்துருவாங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளே வெள்ளை வேட்டி கட்டிப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

அலுவலகத்தில் எபனேசர் என்கிற எழுத்தர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை, யார் மனதும் நோகப் பேசாத மனுஷர். அப்படிப்பட்டவர்களைத்தான் முன்மேசையில் போடுவார்கள்.

"பேரு சொல்லுங்க."

"கொம்பையா."

எபனேசர் பேனாவை மூடினார். "எந்தக் கொம்பையா?"

"சொதிக் கொம்பையா. எங்க ஊருல யாரக் கேட்டாலும் தெரியும்."

"அதான் அண்ணாச்சி சிக்கல். எல்லாருக்கும் தெரியும்னா அது பழக்கம். ஆணையம் பழக்கத்த ஏத்துக்கிடாது. யாருக்கும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டு, முதல்லருந்து விசாரிச்சு, அதுக்குப் பெறவு தெரிஞ்சாத்தான் அது தெளிவு."

"சரி, விசாரிங்க."

"தனியா உங்கள விசாரிக்க முடியாது. இந்தப் பேருல என்னென்ன உண்டோ, ஆளு, சாமி, கட்டடம், வாய்க்கா, அம்புட்டையும் கூப்புட்டு வச்சு, இதுல முதன்மை யாருன்னு தீர்மானிக்கணும். முதன்மை ஆனவருக்குப் பேரு அப்படியே நிக்கும். மத்தவங்களுக்கு ஆணையர் பாத்து ஏதாவது செய்வாரு."

 அந்த நேரத்தில் உள்ளிருந்து மணி அடித்தது. "பிற, தண்ணி கொண்டா" என்று ஒரு குரல் கேட்டது. வயதான கடைநிலை ஊழியர் ஒருவர் செம்போடு எழுந்து போனார். அவர் யார் என்று கொம்பையா கேட்டார். எபனேசர் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் பேரு அப்பாத்துரை. ஆணையர் பேரும் அப்பாத்துரை. போன மாசம் விசாரணை நடந்து, இவருக்கு அப்பாத்துரை, அடைப்புக்குறிக்குள்ள 'பிற'ன்னு ஆயிட்டு. முழுசாச் சொல்ல நேரமில்லன்னு பிறன்னே கூப்புடுதாங்க. பாவம், பேரப்பிள்ளையும் இப்ப பிறத் தாத்தான்னுதான் சொல்லுதாம்."

விசாரணை நாள் வந்தது. கொம்பையா தம் மனைவி ஞானம்பாளையும் வேணியையும் கூட்டிக்கொண்டு போனார். உயிரோடு இருக்கும் ஒத்த பெயர்க்காரர்கள் மனைவியைச் சாட்சியாக அழைத்து வர வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. முற்றத்தில் கூட்டம். சந்திப்பில் இருக்கும் கொம்பையா லாட்ஜின் சொந்தக்காரர் வந்திருந்தார். கொம்பையா கால்வாய் சார்பில் ஒரு மேற்பார்வையாளர் வந்திருந்தார். கொம்பையா சாமி சார்பில், கோயில் கொடையில் சாமியாடும் கோமரத்தாடி கையில் மணி கட்டிய வல்லய ஈட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மில்லுக் கொம்பையா தம் மனைவி விஜயஸ்ரீயோடு காரில் வந்திறங்கினார். அவர் தாத்தாவும் கொம்பையாதான். ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்று அவருக்கு ஒரு சிலை உண்டு.

பிற வாசலில் வந்து நின்று "கொம்பையா உள்ள வாங்க" என்றார். எல்லாரும் எழுந்து உள்ளே போனார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டார். மறுபடி எல்லாரும் போனார்கள். ஆணையர் யோசித்து டோக்கன் கொடுக்கச் சொன்னார். எபனேசர் எண் போட்டுக் கொடுக்கப் போனபோது தடுத்தார்.

"எண் போட்டால் நாளைக்கு எண்ணே பெயராகிவிடும். இது பெயர்களை மதிக்கிற அலுவலகம். பெயரை எழுதிக் கொடுங்கள்" என்றார்.

ஆகவே எல்லாருக்கும் கொம்பையா என்று எழுதிய டோக்கன் கிடைத்தது. பிற மறுபடியும் வாசலில் வந்து நின்றார். கடைசியில், எல்லாரையும் ஒன்றாக உள்ளே உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாமே என்று லாட்ஜ்காரர் முணுமுணுத்தார். ஆணையர் அதைப் புகாராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆணையர் அப்பாத்துரை எழுந்து பேசினார். நல்ல குரல்வளம் உள்ளவர். கையில் தாள் இல்லாமலே பேசுவார்.

"பெயர் என்பது பொதுச்சொத்து. அதைப் பெற்றவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வாரி இறைத்ததால்தான் இன்றைக்கு இந்த நிலைமை. ஒரு பெயருக்கு ஒரு முதன்மை. மற்றவர்கள் அடைப்புக்குறிக்குள் கௌரவமாக வாழலாம், அல்லது வேறு பெயர் பெற்றுச் சுகமாக வாழலாம். நான் இரக்கமில்லாதவன் அல்ல. எனக்கே இந்த அலுவலகத்தில் ஒரு ஒத்த பெயர்க்காரர் இருந்தார். நானே மனு கொடுத்தேன். நானே விசாரித்தேன். எனக்கு எதிராகச் சொல்வதற்கு எனக்கே போதிய அவகாசம் கொடுத்தேன். பிறகுதான் தீர்ப்பளித்தேன். அவர் மேல்முறையீடு செய்தார். அதையும் நானே பொறுமையாகக் கேட்டுத் தள்ளுபடி செய்தேன். இதில் துளி பாரபட்சம் உண்டா? பிற, நீயே சொல்."

"இல்லீங்கய்யா" என்றார் பிற.

முதலில் லாட்ஜ். அதன் பெயர்ப்பலகை இரவில் எரியுமா என்று ஆணையர் கேட்டார். எரியும், ஆனால் 'ம்பை' மட்டும் எரியாது என்றார் சொந்தக்காரர். முழுவதும் எரிந்த பிறகு வரச் சொன்னார். அடுத்தது கால்வாய். தண்ணீர் வந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்டார். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். வேலை செய்யாதபோதும் பெயரை விடாமல் வைத்திருப்பது நிர்வாகத் திறமை என்று ஆணையர் பாராட்டி, கால்வாய்க்கு ஓர் ஊக்கப் பரிசுக்குப் பரிந்துரைத்தார்.

இதற்குள் கோமரத்தாடிக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர். உடம்பு குலுங்கியது. வல்லயத்தில் மணி குலுங்கியது. சாமி வந்துவிட்டது.

"ஏலே, எனக்கே டோக்கனாலே?" என்று சாமி கேட்டது.

ஞானம்பாளும் இன்னும் சிலரும் எழுந்து கும்பிட்டார்கள். எபனேசர்கூட நாற்காலியை விட்டு எழுந்தார். ஆணையர் மட்டும் அசையவில்லை. "முகவரி சொல்லுங்கள்" என்றார்.

"எல்லையில நிக்கேன்லே. தெரியாதா ஒனக்கு?"

"எந்த எல்லை? ஊராட்சி எல்லையா, வட்ட எல்லையா? எல்லை பற்றிய சங்கதி எங்கள் வரம்பில் வராது. எபனேசர், எழுதுங்கள். இந்த மனுதாரர் வேறு துறையை அணுக அறிவுறுத்தப்படுகிறார்."

 இவரிடம் என்ன சொல்வது என்று சாமிக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. மலையேறிவிட்டது. பிற கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கோமரத்தாடி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார்.

மிஞ்சியது மில்லுக் கொம்பையாவும் சொதிக் கொம்பையாவும்தான். மற்ற கொம்பையாக்கள் இந்த வம்பே வேண்டாம் என்று வரவில்லை. மில்லுக் கொம்பையா கெட்டவர் அல்ல. தம் மகன் மேல்படிப்புக்கு இதே சான்று கேட்டார்கள் என்பதால் வந்திருந்தார். "சொதி அண்ணாச்சி, பயப்படாதீங்க, ரெண்டு பேருக்கும் குடுத்துருவாக" என்று முற்றத்தில் வைத்துத் தைரியம்கூடச் சொன்னார். வெற்றிலையும் மடித்துக் கொடுத்தார்.

ஆணையர் சொன்னார்: "மனிதன் தன் பெயரைத் தானே சொல்வதில் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. திருடனும்கூட ஒரு பெயரைச் சொல்கிறான். கூடவே வாழ்கிற மனைவி வாயால் வருவதே பெயர். இது என் சொந்த ஆராய்ச்சி."

விஜயஸ்ரீ மதராஸில் படித்தவள். ஆணையர் கேட்டு முடிக்குமுன் "கொம்பையா" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடுத்தது ஞானம்பாள். அவள் அப்படி ஒரு இடத்தில் நின்றதே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இவர் யார்?"

"வேணி அப்பா."

"அது உறவு. பெயரைச் சொல்லுங்கள்."

ஞானம்பாள் தரையைப் பார்த்தாள். பிறகு எபனேசரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எங்க ஊரு சாமி பேருதான்" என்றாள்.

"அந்தச் சாமி பெயர் என்ன?"

"அது இவுக பேருல்லா."

"இவர் பெயர் என்ன?"

"அதான் சொன்னேனே, சாமி பேரு."

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞானம்பாள் உதவி செய்கிற எண்ணத்தில் லாட்ஜ்காரரைக் காட்டி, "அந்தா நிக்காகல்லா, அந்த அண்ணாச்சி லாட்ஜுக்கு என்ன பேரோ அதுதான்" என்றாள். அந்த லாட்ஜின் பெயரைச் சொல்லுங்கள் என்றார் ஆணையர். "அதெப்படிச் சொல்ல? அதுவும் இவுக பேராப் போச்சே" என்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் வேணிதான் சொல்லுவாள். சாமியைக் கும்பிடும்போதுகூட, "எய்யா, எல்லையில நிக்கிறவரே" என்றுதான் கும்பிடுவாள்.

எபனேசர் எழுந்து நின்றார். "சார், இது இந்தப் பக்கத்து வழக்கம். எங்க அம்மையும் அப்பா பேரச் சொல்லமாட்டாங்க. சர்ச்சுலகூட..."

"வழக்கம் எனக்கும் தெரியும். என் மனைவியும் என் பெயரைச் சொல்ல மாட்டாள். அதனால்தானே வெண்கலத்தில் பலகை அடித்துக் கதவில் மாட்டியிருக்கிறேன். இவர் பலகை மாட்டியிருக்கிறாரா?"

கொம்பையாவிடம் அண்டாவும் கரண்டியும்தான் இருந்தன. அண்டாவில் பெயர் வெட்டியிருக்கிறது என்று சொன்னார். அது அண்டாவின் பெயராக இருக்கலாம் என்றார் ஆணையர்.

கொம்பையா மனைவி பக்கம் திரும்பினார். "ஏளா, சொல்லிரு. நம்ம பிள்ளைக்காகத்தானே. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னாப் போதுமா?"

வேணி கதவோரம் நின்றிருந்தாள். சொல்லும்மா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாதே என்று சொல்லவும் வரவில்லை. ஞானம்பாள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஒரு பக்கம் மகள் பிழைப்பு, ஒரு பக்கம் புருஷன் உயிர். இரண்டையும் தராசில் வைத்து இவளை முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த ஆணையர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞானம்பாள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். "கொ" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எழுதுங்கள் எபனேசர். மனைவி எனப்படுபவர் கணவர் எனப்படுபவரின் பெயரில் முதல் எழுத்தை மட்டுமே அறிந்திருக்கிறார். ஊகமாக இருக்கலாம்."

தீர்ப்பு மாலைக்குள் வந்துவிட்டது. நல்ல காரியங்களில் அந்த அலுவலகம் தாமதிப்பதில்லை. சிலை உள்ள தாத்தாவின் வழியில் வந்தவரும், மனைவியால் ஐயமின்றி அழைக்கப்பட்டவருமான மில் அதிபரே முதன்மைக் கொம்பையா. சமையல்காரருக்கு அந்தப் பெயரில் பாத்தியதை இல்லை. பெயரில்லாமல் ஒரு குடிமகன் திரியக் கூடாது என்பதால், ஆணையத்தின் இருப்பில் யாரும் கேட்காமல் கிடக்கும் பெயர்களில் ஒன்று அவருக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. நெடுவிளங்கோ. இனி யாராவது கொம்பையா என்று கூப்பிட்டால் அவர் ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது.

"மகளுக்கு வேலை போயிருமா சார்?" என்று கொம்பையா கேட்டார். அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

ஆணையர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஏன் போகிறது? அவள் படிப்புச் சான்றுகளில் தகப்பனார் கொம்பையா. கொம்பையா என்பவர் யார் என்று இப்போது தெளிவாகிவிட்டது. அவருடைய மகள் அவள். சான்று தயாராக இருக்கிறது. மயக்கம் நீங்கிவிட்டது பாருங்கள். எங்களைக் குறை சொல்கிறார்களே, ஒரே நாளில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு வசதியான தகப்பனாரை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறோம்."

மில்லுக் கொம்பையா திடுக்கிட்டு எழுந்தார். "அய்யா, எனக்கு ஒரே பையந்தான். இது சொதி அண்ணாச்சி மக."

"அடைப்புக்குறி வேண்டும் என்கிறீர்களா?" என்று ஆணையர் கேட்டார்.

மகன் படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் சொதிக் கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி" என்றார். விஜயஸ்ரீ ஹாரன் அடித்தாள்.

எபனேசர் சான்றைக் கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் வைத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி, மேல்முறையீடு பண்ணலாம். ஆனா பண்ணுனா, முடியுற வரைக்கும் இந்தச் சான்று செல்லாது. மாசம் தாண்டிரும். நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்."

"மேல்முறையீட்ட யாரு கேப்பாங்க?"

எபனேசர் தம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொம்பையா சான்றை வாங்கி மகளிடம் கொடுத்தார். "வச்சுக்கோ தாயீ. கசங்காமப் பாத்துக்கோ" என்றார். வேணி அதைக் கிழிக்கப் போனாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் அவள் பார்த்ததில்லை. அது யார் மேல் வந்த கோபம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஊர் அவரை நெடுவிளங்கோ என்று கூப்பிட முயற்சி செய்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில், "கொம்பையா அண்ணாச்சி, சொதிக்கு உப்பு காணாது" என்று பெண் வீட்டார் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. சான்று செல்லாமல் போய்விடுமோ என்று பயம். அவர்கள் கூப்பிடக் கூப்பிட அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாப்பிள்ளை வீட்டார் உப்பில்லாத சொதியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முப்பது வருஷமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு பந்தியில் கரைந்தது. கரைந்தது யாருடைய பெயர் என்று கேட்டால் ஆணையம்தான் சொல்ல வேண்டும்.

வேணி வேலையில் சேருகிற அன்றைக்கு அவரும் கூடப் போனார். பொங்கலும் சட்னியும் வைத்த தூக்குவாளி கையில். தலைமையாசிரியர் சான்றைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "மில் முதலாளி மகளா? உட்காரம்மா. உங்க கொள்ளுத் தாத்தா சிலைய நான் பாத்திருக்கேன். பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒரு கிணறு வேணும், அப்பாட்ட சொல்லுங்க" என்றார். வாசலில் நின்றவரைக் கண்டதும், "இது யாரு?" என்று கேட்டார்.

வேணி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று பயந்து கொம்பையா முந்திக்கொண்டார்.

"சமையக்காரன் அய்யா. பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்க வந்தேன்."

"நல்லது, அங்கன வச்சிட்டுப் போங்க" என்றார் தலைமையாசிரியர்.

அவர் தூக்குவாளியைச் சன்னலோரம் வைத்தார். மகளைத் திரும்பிப் பார்க்காமல் பைய நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஞானம்பாள் என்ன ஆச்சு என்று கேட்டாள். சேர்ந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றாமல் கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். காப்பி ஆறியது. சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. இங்கருங்க, இங்கருங்க என்று எத்தனை தடவை கூப்பிட்டும் பதிலில்லை. நெடுவிளங்கோ என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அப்படி யாரோ ஒருவரைக் கூப்பிடுகிறாள் என்று அவர் பேசாமல் கிடந்தார்.

ஞானம்பாள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெயர் இப்போது இவர் பெயர் இல்லையாம். சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது. இவருக்கில்லாத பெயரை இவள் சொன்னால் இவருக்கு என்ன வந்துவிடப் போகிறது? சும்மா வாயில் வைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு அங்கே வைத்துச் சொல்லியிருந்தால் மனுஷன் இப்படிக் கிடப்பாரா என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி, ஆயுளில் முதல் தடவையாக அதை முழுசாகச் சொன்னாள்.

"கொம்பையா."

"என்னளா?" என்று அவர் திரும்பினார்.

ஞானம்பாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.